மணிப்பூர் மலையில் ஒரு பழைய வழி



மலைநாட்டுப் பயணம் என்றவுடன் நம் இல்லங்களில் நினைவுக்கு வருவன ஊட்டியும் கொடைக்கானலும்தாம். பள்ளி விடுமுறையில் வேன் பிடித்துச் சென்று, படகில் ஏறி, படம் எடுத்து, வர்க்கியும் யூகலிப்டஸ் தைலமும் வாங்கித் திரும்பினால் பயணம் நிறைவுற்றது. அதனை நான் குறை கூறவில்லை. நானும் அவ்வாறு சென்று வந்தவனே. ஆயினும் இங்கு உங்களை அழைத்துச் செல்லவிருப்பது, நம்மில் பெரும்பாலோர் வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டத் திணறும் ஒரு சின்னஞ்சிறு மாநிலத்திற்கு. மணிப்பூர் என்பது அதன் பெயர். 22,327 சதுர கிலோமீட்டர் பரப்பு. 2011 கணக்கெடுப்பின்படி 28 லட்சத்துச் சொச்சம் மக்கள். நிலத்தில் பத்தில் ஒன்பது பங்கு மலை. எஞ்சிய ஒரு பங்கு நடுவே கிடக்கும் சமவெளி.

திருக்கடையூரில் பிறந்து வளர்ந்தவனுக்கு மலை என்பதே புதுமை. எங்கள் பக்கம் மேடு என்றால் வாய்க்கால் கரை. அதனினும் உயரம் என்றால் கோயில் கோபுரம். அறுபதாம் கலியாணத்திற்கும் எண்பதாம் கலியாணத்திற்கும் நாள்தோறும் மாலையுங் கழுத்துமாக வந்திறங்கும் முதிய தம்பதியரைப் பார்த்தே எங்கள் ஊர்ப் பிள்ளைகள் வளர்கின்றனர். நீண்ட காலம் சேர்ந்து வாழ்ந்தோரைக் கொண்டாடும் ஊர் அது. அந்த ஊரில்தான் என் நன்னி, அதாவது என் தாயாரைப் பெற்றவர், கணவர் உயிரோடிருக்கிறாரா இல்லையா என்றே அறியாமல் ஐம்பத்து நான்கு ஆண்டுகள் வாழ்ந்து மறைந்தார். நான் மணிப்பூர் செல்ல நேர்ந்ததன் காரணம் அதுவே.

சபராளிகளின் கதை நம் வாசகர்களுக்குப் புதிதன்று. நாகூர், காரைக்கால், பொறையாறு, சங்கரன்பந்தல், நீடூர் என எங்கள் வட்டாரத்தில் எந்த மஹல்லாவை எடுத்துக்கொண்டாலும் ரங்கூனுக்கோ பினாங்குக்கோ சென்ற முன்னோர் இல்லாத வீடு அரிது. இன்றும் பழைய வீடுகளின் திண்ணைத் தூணைத் தட்டிப் பார்த்து ‘பர்மாத் தேக்கு’ என்று பெருமைப்படுவோர் உளர். 1937 ஏப்ரல் 1 வரை பர்மா இந்தியாவின் ஒரு மாகாணமாகவே இருந்தது. 1931 கணக்கெடுப்பில் ரங்கூன் நகரத்து மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இந்தியர். என் நன்னா மாந்தலேயின் செஜோ கடைத்தெருவில் ஒரு துணிக்கடையில் கணக்கெழுதினார். 1940-இல் இரண்டாம் முறையாகக் கப்பலேறினார். அப்போது என் தாயார் நன்னியின் வயிற்றில் இருந்தார்.

1941 டிசம்பர் 23 அன்று ஜப்பானியர் ரங்கூன்மீது குண்டு வீசினர். அடுத்த மார்ச் 8-இல் நகரம் அவர்கள் வசமாயிற்று. கப்பல் வழி அடைபட்டுவிட, நான்கு லட்சத்திற்கும் மேற்பட்ட இந்தியர்கள் மலைகளைக் கடந்து நடந்தே தாயகம் திரும்ப முற்பட்டனர். ஒரு வழி அரக்கான் மலைகளினூடே சிட்டகாங் நோக்கிச் சென்றது. மற்றொன்று மாந்தலே, கலேவா, தமூ வழியாக மணிப்பூரின் பலேல் என்னும் ஊருக்கு வந்தது. காலராவும் மலைக்காய்ச்சலும் வயிற்றுக்கடுப்பும் அவர்களோடு நடந்தன. வெள்ளையருக்கு ஒரு பாதை, கறுப்பருக்கு ஒரு பாதை என்று வழியிலும் வேற்றுமை காட்டினர். மே மாதம் மழை இறங்கியது. அந்த மாதம் 10-ஆம் நாள் இம்பால் நகரமே குண்டுவீச்சுக்கு உள்ளாக, அங்கிருந்த அகதி முகாம்களும் சிதறின. வழியில் மாண்டோர் பல்லாயிரவர்.

அவ்வாண்டு இறுதியில், எலும்பும் தோலுமாக ஊர் வந்து சேர்ந்த பக்கத்து மஹல்லாக்காரர் ஒருவர் நன்னியிடம் வந்து ஒரே ஒரு செய்தி கூறினார். தமூவைத் தாண்டி மலையேறியபின், ஓர் ஓடைக்கருகே நன்னா காய்ச்சலுடன் உட்கார்ந்துவிட்டாராம். ‘நீங்க போங்க, நான் பின்னாலே வாரேன்’ என்றாராம். அவ்வளவே.

காணாமற்போனவரின் மனைவிக்குரிய சட்டம் நம் பிக்ஹு நூல்களில் ‘மஃப்கூத்’ என்னும் தலைப்பில் பேசப்படுகிறது. ஹனஃபி மத்ஹபின் பழைய தீர்ப்பு மிக நெடுங்காலம் காத்திருக்கச் சொல்வது. அதனால் பெண்கள் படும் துன்பத்தை உணர்ந்த மௌலானா அஷ்ரப் அலீ தானவி அவர்கள், மாலிக்கி மத்ஹபின் நான்காண்டுத் தவணையை ஏற்கலாம் என எழுதினார்கள். 1939-ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டமும் நான்காண்டு என்றே வரையறுத்தது. ஆக, 1946-லேயே நன்னிக்கு வழி இருந்தது. வயது இருபத்தாறுதான். உறவினர் எடுத்துச் சொன்னார்கள். ‘பின்னாலே வாரேன்னு சொல்லியிருக்காக’ என்பதற்குமேல் அவர் பேசவில்லை. இத்தா இருக்கவில்லை. கருகமணியைக் கழற்றவில்லை. 1996-இல் அவரைக் குளிப்பாட்டிக் கபனிட்டபோதுதான் அது கழற்றப்பட்டது. எனக்கு அப்போது பதினாறு வயது.

இனிப் பயணத்திற்கு வருவோம்.

லக்னோவில் நடந்த மதரஸா ஆசிரியர் பயிற்சி முகாம் ஒன்றில் என் அறையில் தங்கியவர் மணிப்பூர்க்காரர். முகத்தைப் பார்த்து நேபாளி என்று எண்ணினேன். அவர் என்னைப் பார்த்துக் கேரளத்தவன் என்று எண்ணினாராம். இருவரும் தவறு. அவர் ‘பங்கால்’ எனப்படும் மணிப்பூரி முஸ்லிம். நன்னாவின் கதையை ஓரிரவு அவரிடம் கூறியபோது, அவர் எழுந்து உட்கார்ந்தார். “அந்தச் சாலை எங்கள் வீட்டு வாசலில்தான் போகிறது. வாருங்கள்” என்றார். 2018 பிப்ரவரியில் சென்றேன்.

சென்னையிலிருந்து கவுகாத்திவரை ரயில். அங்கிருந்து இம்பாலுக்கு வானூர்தியில் ஒரு மணி நேரத்திற்கும் குறைவே. வானூர்தி தாழ்ந்து மலைவரிசையைத் தாண்டியதும் கீழே தெரிந்ததைக் கண்டு திகைத்தேன். வரப்பு வரப்பாக நெல்வயல்! அறுவடை முடிந்த தாளடி நிலம். கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 790 மீட்டர் உயரத்தில், நாற்புறமும் மலைவேலி சூழ, நடுவே நம் மயிலாடுதுறைப் பக்கத்து வயல்வெளியைப் பெயர்த்து வைத்தாற்போல் இருந்தது. ஒரு வேறுபாடு உண்டு. பிப்ரவரியில் எங்கள் ஊர்த் தாளடியில் உளுந்தும் பயறும் பச்சைப் பிடித்திருக்கும். அங்கே பெரும்பாலான வயல்கள் வெறுமனே கிடந்தன.

அரிசி அங்கு வெறும் உணவுப் பொருளன்று. 1939 டிசம்பர் 12 அன்று, ஊரில் அரிசி கிடைக்காமல் விலை ஏறிக்கொண்டிருக்கையில் வெளியூருக்கு ஏற்றுமதி செய்வதை எதிர்த்து இம்பால் பெண்கள் திரண்டு அதிகாரியை முற்றுகையிட்டனர். ‘நுபி லான்’ என்பது அதன் பெயர். பெண்களின் போர் என்று பொருள். அந்நாளை இன்றும் அங்கு நினைவுகூர்கின்றனர். அப்போராட்டத்தை நடத்திய சந்தைப் பெண்களின் வழிவந்தோர் இன்றும் அதே குவைரம்பந்த் சந்தையில் அமர்ந்துள்ளனர். ‘இமா கெய்தெல்’, அதாவது அன்னையர் சந்தை. ஆயிரக்கணக்கான கடைகள், விற்பவர் அனைவரும் மணமான பெண்கள். ஆண் ஒருவர்கூடக் கடை விரிக்க இயலாது. மீன், கீரை, மூங்கில் குருத்து, கைத்தறித் துணி, ‘சக்காவ்’ எனும் கருநிற அரிசி என அனைத்தும் அங்கே கிடைக்கின்றன. சக்காவ் கஞ்சியாகக் காய்ச்சினால் ஊதா நிறம் பெற்று நறுமணம் வீசும். நம் கருப்புக் கவுனியின் உறவுக்காரன் என்றே தோன்றியது.

இம்மாதர்கள் மற்றொன்றும் செய்தனர். 1970-களில் குடிகாரரைத் தடுக்க இரவில் தீப்பந்தம் ஏந்தித் தெருக்காவல் புரிந்தனர். அதன் தொடர்ச்சியாக 1991-இல் மணிப்பூரில் மதுவிலக்குச் சட்டம் வந்தது. கள்ளச் சரக்கு ஓடாமலில்லை. 2023 டிசம்பரில் அரசே அச்சட்டத்தைத் தளர்த்த முடிவெடுத்தது. எனினும் சாராயத்தை நிறுத்தச் சொல்லிப் பெண்கள் தெருவுக்கு வந்தால் ஓர் அரசு செவிசாய்த்தது என்பதே, நம் ஊர்க் கடைவீதியில் மாலை நேரங்களில் நடந்து செல்பவனுக்கு வியப்பளிக்கும் செய்தி.

வெளியூர் செல்லும்போது நம் இல்லத்தரசியர் முதலில் கேட்பது ‘ஹலால் சாப்பாடு கிடைக்குமா?’ என்பதே. இம்பாலின் பவோனா கடைத்தெருவில் பள்ளிவாசலைச் சுற்றி முஸ்லிம் உணவகங்கள் உள்ளன. லிலோங்கில் கேட்கவே வேண்டியதில்லை. ஆனால் ‘ங்காரி’ எனும் ஊறவைத்த மீனின் வாடைக்கு மட்டும் மூக்கைப் பழக்கிக்கொள்ள வேண்டும். கருவாட்டுக் குழம்பில் வளர்ந்த எனக்கே இரண்டு நாள் ஆயிற்று.

லிலோங் என்பது இம்பாலுக்குத் தெற்கே பத்துக் கிலோமீட்டர் அளவில், பர்மா செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்த பங்கால்களின் ஊர். மணிப்பூர் மக்களில் நூற்றுக்கு எட்டுப் பேருக்குச் சற்று அதிகம் முஸ்லிம்கள். 1606-ஆம் ஆண்டு, மன்னர் காகெம்பாவின் ஆட்சிக் காலத்தில், சில்ஹெட் பக்கமிருந்து படையோடு வந்து சிறைப்பட்ட வீரர்களே தம் மூதாதையர் என்று அவர்கள் வரலாறு கூறுகிறது. மன்னர் அவர்களைக் கொல்லவில்லை. நிலம் கொடுத்துக் குடியமர்த்தினார். அவர்கள் மெய்தேய் இனப் பெண்களை மணந்தனர். ‘பங்கால்’ என்பது ‘வங்காளம்’ என்பதன் திரிபு என்பர். ஆனால் இன்று அவர்கள் வீட்டில் ஒரு சொல்கூட வங்காளம் இல்லை. பேச்சு, பாட்டு, தாலாட்டு, சண்டை அனைத்தும் மணிப்பூரி மொழியிலேயே. பெண்கள் மெய்தேய் மாதர் அணியும் ‘பனேக்’ உடுத்தி, தலையில் முக்காடிட்டு வயலுக்கும் சந்தைக்கும் செல்கின்றனர். மணிப்பூர் 1972 ஜனவரி 21-இல் முழு மாநிலமானபின் முதலமைச்சர் பொறுப்பேற்ற முஹம்மது அலீமுத்தீன் அவர்கள் இச்சமுதாயத்தவரே. தமிழ் பேசுவதால் நாம் ஈமானில் குறைந்தவரல்லர் என்று வடக்கத்தியரிடம் விளக்கிக் களைத்தவர்கள் நம்மில் உண்டல்லவா? அந்தக் களைப்பை நண்பரின் வீட்டிலும் கண்டேன். அவருடைய தம்பி சொன்னார்: “தில்லியில் எங்களை முஸ்லிம் என்று நம்புவதில்லை, இந்தியர் என்றும் நம்புவதில்லை.”

நண்பரின் வீட்டுக்கு அண்மையிலுள்ள ஒரு சாலையோரக் கிராமத்திற்கு மறுநாள் சென்றோம். அங்கே தொண்ணூறை நெருங்கிய ஒரு பெரியவர். நண்பர் மொழிபெயர்க்க, அவர் பேசினார். 1942-இல் அவருக்குப் பன்னிரண்டு அல்லது பதின்மூன்று வயது. பகலும் இரவும் சாலையில் மக்கள் நடந்து சென்றனராம். பேச்சு புரியாது. கைகளைக் குவித்து வாயருகே கொண்டுபோவார்களாம். தண்ணீர் என்று பொருள். ஊரார் பானைகளில் நீர் நிரப்பி ஓரத்தில் வைத்தனர். சிலர் குடித்துவிட்டு அங்கேயே படுத்தனர், எழுந்திருக்கவில்லை. “கலிமா சொன்னவர்களை எங்கள் கபர்ஸ்தானில் அடக்கினோம். சொல்லும் நிலையில் இல்லாதவர்களை என்ன செய்வதென்று எங்கள் பெரியவர்கள் விவாதித்தது நினைவிருக்கிறது.”

கபர்ஸ்தானின் கிழக்கு மூலைக்கு அழைத்துச் சென்றார். மூங்கில் புதர். மீஸான் கல் எதுவுமில்லை. தரை மட்டும் ஆங்காங்கே சற்றுக் குழிந்திருந்தது. எத்தனை பேர் என்று கேட்டேன். இரு கைகளையும் விரித்துக் காட்டினார். பின் மீண்டும் ஒருமுறை விரித்தார். பெயர்கள்? தலையசைத்தார். ஜனாஸா தொழவைத்தீர்களா என்றேன். நண்பர் அதை மொழிபெயர்ப்பதற்குள் ‘ஜனாஸா’ என்னும் சொல்லே அவருக்குப் புரிந்துவிட்டது. “எல்லாருக்கும்” என்றார்.

நன்னா அங்கு இருக்க வழியில்லை என்பதை உங்களுக்குச் சொல்லிவிட வேண்டும். ஊர்க்காரர் அவரைக் கடைசியாகக் கண்டது மலைமேல். இக்கிராமமோ மலையிறங்கி வெகுதூரம் வந்தபின். காய்ச்சல் தணிந்து எழுந்து நடந்து இதுவரை வந்திருந்தால்தான் உண்டு. அல்லாஹ் ஒருவனே அறிவான்.

அடுத்த நாள் விடியலில் மோரே புறப்பட்டோம். இம்பாலிலிருந்து 110 கிலோமீட்டர். தௌபாலைக் கடந்து, 1891-இல் மணிப்பூரியர் ஆங்கிலேயரை எதிர்த்து நின்று மாண்ட கோங்ஜோமைக் கடந்து, பலேலில் சமவெளி முடிகிறது. அதன்பின் ஏற்றம். தெங்னௌபால் முகட்டில் குளிர்காற்று காதை அறுத்தது. மூன்று இடங்களில் இறக்கிச் சோதித்தனர். அங்கிருந்து சாலை வளைந்து வளைந்து இறங்கி லோக்சாவ் ஆற்றுப் பாலத்தை அடைகிறது. தமூவிலிருந்து வருவோர்க்கு வழியில் குறுக்கிடும் பெரிய நீரோட்டம் அதுவே. வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிச் சென்றேன். கூழாங்கற்களின்மேல் தெளிந்த நீர் சலசலத்தது. மழைக்காலத்தில் இது எப்படிப் பெருகும் என்பதைக் கரையிலிருந்த அரிப்பு காட்டியது. ஹனஃபி மத்ஹபில் காயிப் ஜனாஸா இல்லை. அந்நீரில் உளூ செய்து, யாசீன் ஓதி, துஆச் செய்தேன். ஓட்டுநர் அவசரப்படுத்தவில்லை.

மோரே இந்தியாவின் கடைசி ஊர். அதற்கப்பால் நம்பாலோங் சந்தை, அது மியான்மர். 2011-இல் பதினேழாயிரம் பேருக்கும் குறைவாக இருந்த இச்சிற்றூரில் குகி, மெய்தேய், நாகா, பங்கால், நேபாளி, பீகாரி, பஞ்சாபி எனப் பலரும் வாழ்ந்தனர். பள்ளிவாசலும் தேவாலயமும் குருத்வாராவும் இருந்தன. கடைத்தெருவில் நடக்கையில் இட்லி வேகும் வாசனை வந்தது. ‘வாங்கண்ணே, உள்ள இடமிருக்கு’ என்று தூய தமிழ்க் குரல்! அங்காள பரமேஸ்வரி கோயிலின் கோபுரம் நம் ஊர்ச் சிற்பங்களோடு எழுந்து நிற்கிறது. தமிழ்ச் சங்கம் இயங்குகிறது. தமிழர் தொகை மூவாயிரத்தை ஒட்டியது என்றனர்; ஒருகாலத்தில் அதனினும் பன்மடங்காம்.

இவர்கள் எவ்வாறு இங்கு வந்தனர்? 1962-இல் ஜெனரல் நே வின் பர்மாவில் ஆட்சியைக் கைப்பற்றினார். 1964-இல் கடைகள் அரசுடைமையாயின. மே மாதம் ஐம்பது, நூறு கியாத் தாள்கள் செல்லாதென அறிவிக்கப்பட்டன. ஏறத்தாழ மூன்று லட்சம் இந்தியர் சில ஆண்டுகளுக்குள் வெளியேறினர். சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கியோர் உண்டாக்கியதே பர்மா பஜார். அவ்வாறு வந்தவர்களில் ஒரு சாரார், பிறந்து வளர்ந்த நாட்டை மறக்க இயலாமல், தரைவழியே மீண்டும் பர்மாவுக்குள் நுழைய முயன்றனர். எல்லையில் தடுக்கப்பட்டு, முன்னும் செல்ல முடியாமல் பின்னும் திரும்ப மனமில்லாமல் தங்கிய இடமே மோரே.

பள்ளிவாசலில் லுஹர் தொழுதேன். நம் கடிகாரத்தில் பதினொன்றரை மணிக்கே சூரியன் உச்சி சாய்ந்துவிடுகிறது! மஃரிபு ஐந்து மணி கடந்த சில நிமிடங்களில். எங்கள் ஊரில் அப்போது அஸர் முடிந்து மதரஸாப் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருப்பர். கூப்பிடு தூரத்தில் எல்லைக்கு அப்பால் கடிகாரம் ஒரு மணி நேரம் முந்தி ஓடுகிறது. சூரியனோ இருபுறமும் ஒன்றே.

தொழுகைக்குப்பின் ஒரு தமிழர் வீட்டுக்கு அழைத்துச் சென்றார்கள். வீட்டுத் தலைவி எழுபதைக் கடந்த மூதாட்டி. பூர்வீகம் இராமநாதபுரம் சீமை, பிறந்தது பர்மா. தேநீரும் ‘பேஜோ’ என்னும் பருப்பு வடையும் தந்தார். “கப்பல்ல மதராசுக்கு வந்தோம் தம்பி. முகாம்ல போட்டாக. எங்க அத்தாவுக்குப் பொருந்தல. நம்ம ஊருக்கே போவோம்னு பொறப்பட்டாக. அவுக ‘நம்ம ஊரு’ன்னது பர்மாவை. இங்கன வந்ததும் பட்டாளத்துக்காரன் மறிச்சுட்டான். போகவும் விடல, திரும்பவும் மனசில்ல. உக்காந்துட்டோம்” என்றார்.

நன்னாவைப் பற்றிச் சொன்னேன். நெடுநேரம் பேசாமலிருந்தார். பிறகு, “உங்க நன்னி குடுத்து வச்சவ. ஒரே ஊர்ல உக்காந்து காத்திருந்தா” என்றார். அதை எவ்வாறு எடுத்துக்கொள்வதென்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

விடைபெறும்போது ஒன்று கேட்டார்: “தமிழ்ல படிக்க ஏதாச்சும் இருந்தா அனுப்புங்க. பேரப்புள்ளைக இங்கிலீசும் மணிப்பூரியும் படிக்குதுக. நான் படிக்க ஒண்ணுமில்ல.” ஊர் திரும்பியதும் அவர் பெயருக்கு இவ்விதழின் சந்தாவைக் கட்டினேன். அஞ்சல் சேர மூன்று வாரம் ஆகும், ஆனால் சேர்ந்தது. கொரோனாக் காலத்தில் சில மாதங்கள் தடைப்பட்டதைத் தவிர, ஆண்டுதோறும் புதுப்பித்துவந்தேன்.

என் தாயாருக்கு அப்போது எழுபத்தேழு வயது. தந்தையின் முகத்தைப் படத்திலும் காணாதவர். பயணத்தைப் பற்றி அவர் இரண்டே கேள்விகள் கேட்டார். “அந்த ஓடையில தண்ணி இருந்துச்சா?” இருந்தது என்றேன். கபர்ஸ்தானைப் பற்றிக் கூறி, நன்னா அங்கு இருக்க வாய்ப்புக் குறைவு என்றும் விளக்கினேன். அதை அவர் காதில் வாங்கவில்லை. “தொழ வச்சாகளா?” என்றார். எல்லாருக்கும் தொழவைத்தார்கள் அம்மா என்றேன். அன்றிரவு இஷாவுக்குப்பின் வெகுநேரம் முஸல்லாவிலேயே இருந்தார். 2021-இல் அவரும் மௌத்தானார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

இப்போது நான் எழுதப்போவது பயணக் கட்டுரையில் வழக்கமாக இடம்பெறுவதன்று. ஆயினும் நான் கண்ட மோரேயை மட்டும் காட்டிவிட்டு நிறுத்தினால் உங்களை ஏமாற்றியவனாவேன்.

2021 பிப்ரவரியில் மியான்மரில் இராணுவம் மீண்டும் ஆட்சியைப் பறித்தது. 2022 ஜூலையில், எல்லை தாண்டித் தமூவுக்குச் சென்ற மோரேத் தமிழ் இளைஞர் இருவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். 2023 மே 3 அன்று மணிப்பூரில் மெய்தேய்களுக்கும் குகிகளுக்குமிடையே மூண்ட தீ இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. ஏறக்குறைய அறுபதாயிரம் பேர் வீடிழந்தனர். மோரேயிலிருந்து மெய்தேய்கள் வெளியேற்றப்பட்டனர். குகிகள் இம்பால் செல்ல முடியாதவராயினர். ஊர் எரிந்தபோது, இரண்டு பக்கத்தையும் சேராத தமிழரின் வீடுகளும் தப்பவில்லை. முப்பதாண்டுகளுக்கு முன்பு இதே மே 3-இல், 1993-ஆம் ஆண்டு, பங்கால்கள் தாக்கப்பட்டுப் பலர் கொல்லப்பட்ட வடு அச்சமுதாயத்திற்கு இன்னும் ஆறவில்லை. இம்முறை அவர்கள் எப்பக்கமும் சேராமல் நின்றனர். எனினும் இரு தரப்பு எல்லையில் சிக்கிய குவக்தா போன்ற அவர்களது ஊர்களில் குண்டுகள் விழுந்தன. 2024 புத்தாண்டு நாளில் லிலோங்கிலேயே ஆயுதக் குழுவினர் சுட்டு நால்வர் மாண்டனர்.

அந்த நாட்களில் நண்பரிடம் தொலைபேசியில் கேட்டேன், சாலை எப்படி இருக்கிறதென்று. சமவெளிக்கும் மலைக்குமிடையே மெய்தேய் ஓட்டுநர் அப்பால் போக முடியாது. குகி ஓட்டுநர் இப்பால் வர முடியாது. அரிசி, மருந்து, பால்மாவு, சில வேளைகளில் நோயாளிகள், இவற்றை ஏற்றிக்கொண்டு இரு பக்கமும் சென்றுவரக்கூடியவர் பங்கால் ஓட்டுநர்களே. நண்பரின் தம்பியும் அவர்களில் ஒருவர். தில்லியில் எவரும் நம்பவில்லை என்று குறைப்பட்ட அதே தம்பி. “ஒவ்வொரு சாவடியிலும் பெயர் கேட்பார்கள். பெயர் சொன்னதும் விட்டுவிடுவார்கள். இப்போதைக்கு” என்று நண்பர் சொன்னார். அந்த ‘இப்போதைக்கு’ என்ற சொல்லுடன் அவரது தாயார் ஒவ்வோர் இரவும் விழித்திருந்தாராம்.

செல்ல விரும்பும் வாசகர்கள் அறிந்துகொள்ள ஒன்று: 2020 ஜனவரி 1 முதல் மணிப்பூருக்குள் நுழைய வெளிமாநிலத்தவர் உள்நுழைவு அனுமதிச் சீட்டுப் பெற வேண்டும். எல்லைப்புற மக்கள் தாராளமாகச் சென்றுவந்த முறையும் 2024-இல் இறுக்கப்பட்டுவிட்டது. நிலைமையை நன்கு விசாரித்தறிந்த பின்னரே புறப்படுங்கள்.

2023 ஆகஸ்ட் மாதம் மோரேக்கு அனுப்பிய இதழ், உறை பிரிக்கப்படாமல் எனக்கே திரும்பி வந்தது. நண்பரின் தம்பி அடுத்த முறை சரக்கேற்றிச் சென்றபோது விசாரித்தார். அவ்வீடு எரிந்துவிட்டது, உயிர்ச்சேதம் இல்லை, அல்ஹம்துலில்லாஹ். மூதாட்டி மகனோடு சென்னைக்குச் சென்றுவிட்டதாக அண்டை வீட்டார் கூறினராம். சென்னையில் எங்கே என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. பழைய கைப்பேசி எண் இயங்கவில்லை. அவர் பெயரிலுள்ள சந்தாவில் ஏழு மாதம் மீதமிருக்கிறது. 1964-இல் கப்பலில் வந்து, மோரேயில் வாழ்ந்து, இப்போது சென்னையில் யாரேனும் உறவினர் வீட்டில் தங்கியிருக்கும் ஒரு முதிய சகோதரியை வாசகர்களில் எவரேனும் அறிந்திருப்பின், இதழ் அலுவலகத்திற்கு ஒரு வரி எழுதுங்கள். திரும்பி வந்த இதழை அந்த உறையோடு அப்படியே வைத்திருக்கிறேன்.